மெஸ்ஸில் மிஞ்சும் சோறும் மாணவர் பசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக உணவுக்கூடங்களில் உணவு வீணாவதைக் குறைப்பது பற்றியும், வளாகத்திலேயே பசியோடு இருக்கும் மாணவர்களைப் பற்றியும் மெஸ் கமிட்டிக்காரர்களும் விடுதிக் காப்பாளர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

உணவு வீணாவதும் மாணவர் பசியும் ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கங்கள்தானே?

பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும். ஒரு பக்கம் வாளி வாளியாகச் சோறு குப்பைக்குப் போகிறது. இன்னொரு பக்கம் ஒருவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கப் போகிறார். இதை எடுத்து அவருக்குக் கொடுத்தால் முடிந்தது என்று யாருக்கும் மனதில் படும். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு. சாப்பாடு மிஞ்சுவது சமையல் கணக்கு தப்புவதால். மாணவர் பட்டினி கிடப்பது கையில் காசு இல்லாததால், சில சமயம் நேரம் இல்லாததால், பல சமயம் கேட்கக் கூச்சப்படுவதால்.

நல்ல சமையல்கூடம் என்றால் நாளாக ஆக மிச்சம் குறைய வேண்டும். அந்த மிச்சத்தை நம்பித்தான் பசித்தவருக்குச் சாப்பாடு என்று வைத்துவிட்டால், மெஸ் திருந்தத் திருந்த அவர் தட்டு காலியாகும். மீந்ததைப் பகிர்வது நல்ல காரியம்தான், ஆனால் அது மேலதிகமாக வரும் உதவி. அடிப்படை ஏற்பாடு தனியாக இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் வரை வந்தவர்களுக்கு உண்மையிலேயே பசி இருக்கிறதா?

இருக்கிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாக. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக வேலை செய்யும் அரசுப் பொறுப்புத் தணிக்கை அலுவலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2020ஆம் ஆண்டுத் தரவை வைத்து, அந்த நாட்டுக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய 23 சதவீதத்தினர், அதாவது சுமார் 38 லட்சம் பேர், போதிய உணவு நிச்சயமில்லாமல் இருந்ததாகச் சொல்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேளைச் சாப்பாட்டையே விட்டவர்கள், அல்லது குறைத்துச் சாப்பிட்டவர்கள். அரசு உணவு உதவி பெறத் தகுதியிருக்கக்கூடிய மாணவர்களில் பெரும்பாலோர் அதைப் பெறவில்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. பணக்கார நாட்டின் நிலையே இது.

"டயட்டில் இருக்கிறேன்" என்பவரையும் பசித்தவரையும் எப்படிப் பிரித்து அறிவது?

கேள்வியைச் சரியாகக் கேட்டால் போதும். இதற்கென்றே நிலைபெற்ற கேள்விகள் உண்டு. "கையில் பணம் போதாததால் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டீர்களா, அல்லது அளவைக் குறைத்தீர்களா? எத்தனை நாள்?", "வாங்கிய உணவு தீர்ந்துபோய், மறுபடி வாங்கப் பணம் இல்லாமல் இருந்ததுண்டா?" என்பது போன்றவை. "பணம் போதாததால்" என்ற சொல்தான் இங்கே முக்கியம். அது இல்லாவிட்டால் நோன்பு இருந்தவரும் உடல் எடை குறைப்பவரும் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். பெயர் கேட்காதீர்கள். கேட்டால் உண்மையான பதில் வராது.

யாருக்கு இது அதிகம் நேர்கிறது?

குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள், பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், குழந்தை வளர்த்துக்கொண்டு படிப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து உதவித்தொகை தாமதமானவர்கள். விடுதியில் இல்லாமல் வெளியே அறை எடுத்துத் தங்குபவர்களையும் ஆராய்ச்சி மாணவர்களையும் யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆளைப் போலவே காலமும் முக்கியம். மாதக் கடைசி, உதவித்தொகை வருவதற்கு முந்தைய வாரம், மெஸ் மூடியிருக்கும் விடுமுறை நாட்கள், ஆய்வகத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வேலை முடிகிற நாட்கள். மெஸ் இரவு எட்டரைக்கு மூடுகிறது என்றால், பணம் கட்டியவரே அன்று பட்டினிதான்.

உலக அளவில் உணவு எவ்வளவு வீணாகிறது?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022இல் 105 கோடி டன். நுகர்வோர் கைக்கு வரக்கூடிய உணவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதில் 60 சதவீதம் வீடுகளில், 28 சதவீதம் உணவகம், கேன்டீன், மெஸ் போன்ற உணவுச் சேவை இடங்களில், மீதி கடைகளில். வயலிலிருந்து கடைவரை இழப்பதையும் சேர்த்தால், உலகப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் 8 முதல் 10 சதவீதம் இந்த வகையில் வருகிறது. கடையிலும் வீட்டிலும் வீணாகும் உணவைத் தலைக்குப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது 2030க்கான ஐ.நா. இலக்குகளில் ஒன்று.

மெஸ்ஸில் மிச்சம் எங்கே உண்டாகிறது?

மூன்று இடங்களில். மூன்றையும் ஒரே வாளியில் கொட்டிவிட்டு "மாணவர்கள் வீணாக்குகிறார்கள்" என்று பழி போடுவதுதான் வழக்கம்.

முதலாவது, நறுக்கும்போது போவது. தோல், காம்பு, வாடிப்போன கீரை. அளவுக்கு மேல் வாங்கி, குளிர் அறையில் பின்னால் தள்ளி, அழுகியபின் கண்டுபிடிப்பதும் இதில்தான் சேரும். இரண்டாவது, சமைத்தும் பரிமாறப்படாமல் பாத்திரத்திலேயே நிற்பது. மூன்றாவது, தட்டில் மிஞ்சுவது.

தட்டு மிச்சம் எல்லோர் கண்ணிலும் படும், ஏனென்றால் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாளி இருக்கிறது. பாத்திர மிச்சம் கூடம் காலியான பிறகு பின்வாசல் வழியாகப் போகிறது, ஆகவே அதைப் பற்றி யாரும் சுவரொட்டி ஒட்டுவதில்லை. கடைசியாக வருபவருக்கும் எல்லாப் பதார்த்தமும் நிறைந்த பாத்திரத்தில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், சமையல்காரர் என்ன செய்வார்? கூடுதலாகத்தான் சமைப்பார். அந்த ஒரு வரியை மாற்றி, கடைசி அரை மணி நேரத்தில் பதார்த்தங்களின் எண்ணிக்கை குறையலாம், ஆனால் வயிறு நிறைய ஏதாவது இருக்கும் என்று எழுதினால், பத்து சுவரொட்டி செய்யாத வேலையை அது செய்யும்.

சரி, எப்படி அளப்பது?

மூன்று வாளி, ஒரு தராசு, ஒரு நோட்டு. ஒரு வாரம் முழுக்க, மூன்று வேளையும். எலும்பு, தோல் போன்ற தின்ன முடியாதவற்றையும் கை துடைக்கும் தாளையும் தனியாக ஒதுக்கிவிடுங்கள், நீர் வடித்துவிட்டு எடை போடுங்கள். அன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கை கட்டாயம் வேண்டும். உதாரணத்துக்கு, 800 பேர் சாப்பிட்ட மதியத்தில் தட்டு மிச்சம் 48 கிலோ என்றால் தலைக்கு 60 கிராம். வெறும் 48 கிலோ என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த நாள் 500 பேர் வந்து 40 கிலோ மிஞ்சினால் குறைந்திருக்கிறது என்று மகிழ்ந்துவிடுவோம். உண்மையில் தலைக்கு 80 கிராமாக ஏறியிருக்கும்.

எந்தப் பதார்த்தம் மிஞ்சியது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மாணவர்கள் திருந்த வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, வாளியில் பாதிக்கு மேல் வேகாத ஒரே காய்கறிதான் என்று தெரியவரலாம். பக்கத்தில் நின்று எடை போடுவதைப் பார்த்ததுமே ஓரிரு நாள் எல்லோரும் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவார்கள், அந்த நாட்களை நம்பாதீர்கள். இரண்டு மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், அதே வாரநாளில் மறுபடி அளந்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

ட்ரேக்களை எடுத்துவிட்டால் மிச்சம் குறையுமா?

அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ளும் முறை உள்ள இடங்களில் குறைகிறது. அமெரிக்கக் கல்லூரி உணவுக்கூடங்களில், உணவுச் சேவை நடத்தும் அராமார்க் நிறுவனம் 2008இல் செய்த ஆய்வில், ட்ரே இல்லாத நாட்களில் தலைக்கு 25 முதல் 30 சதவீதம் மிச்சம் குறைந்தது. இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. இரண்டு கையில் கொள்கிற அளவுதான் எடுக்க முடியும், வேண்டுமென்றால் எழுந்து போய் மறுபடி வாங்க வேண்டும். ட்ரே கழுவும் தண்ணீரும் வெந்நீருக்கான எரிபொருளும் மிச்சம். சிறிய தட்டும் சிறிய கரண்டியும் இதே வேலையைச் செய்யும்.

ஆனால் ஊன்றுகோலோடு வருபவர், சக்கர நாற்காலியில் வருபவர், கையில் குழந்தையோடு வருபவர் ஆகியோருக்கு ட்ரே தேவை. அதைக் கேட்டு வாங்கும்படி வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் கொஞ்சம் அடுக்கி வையுங்கள்.

மிச்சம் வைப்பவர்களுக்கு அபராதம் போடலாமா?

வேண்டாம் என்பேன். நாளுக்கு ஒரே வேளை சாப்பிடுபவர்தான் தட்டைக் குவித்து எடுப்பார், பிறகு முடியாமல் வைப்பார். அவரிடம் போய் அபராதம் கேட்பது கொடுமை. ருசி பார்க்கச் சின்னக் கிண்ணம் வையுங்கள், அரைக் கரண்டி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

மீந்த உணவைப் பசித்த மாணவர்களுக்குக் கொடுக்கலாமா? பாதுகாப்பானதா?

பாத்திரத்தில் பரிமாறப்படாமல் நின்றதைக் கொடுக்கலாம். தட்டிலிருந்து திரும்பியதைக் கூடவே கூடாது. எல்லோரும் கை வைத்து எடுத்த மேடையில் மணிக்கணக்கில் இருந்ததும் வேண்டாம்.

பாதுகாப்பு என்பது வெப்பமும் நேரமும்தான். சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிராக வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழ். இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆறவைக்கும் நேரம்தான் பெரும்பாலோர் தவறு செய்யும் இடம். அமெரிக்க உணவு விதிமுறை சொல்வது இது: சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், மொத்தம் 6 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு வர வேண்டும். ஆழமான அண்டாவை அப்படியே குளிர்பெட்டியில் தள்ளினால் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆழமில்லாத அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவையுங்கள். மறுபடி சூடாக்கும்போது உள்ளே 74 டிகிரி வர வேண்டும். ஒரு வெப்பமானி வாங்குங்கள், கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லும் வேலை இங்கே ஆகாது.

சோறு விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள்கள் கொதிக்க வைத்தாலும் சாகாது. சோறு அறை வெப்பத்தில் கிடந்தால் முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. "நல்லா சூடு பண்ணிட்டோம்ல" என்ற சமாதானம் செல்லாது.

கொடுக்கும் முறைக்கு எளிய வழி, பதிவு செய்துகொண்ட எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி: "இன்று 40 பேருக்கு உணவு இருக்கிறது, எட்டேமுக்காலுக்குள் வாருங்கள்." யார் பதிவு செய்தார்கள், ஏன் வந்தார்கள் என்ற விசாரணை கூடாது. ஓரளவு வசதியான நாலு பேர் வந்து சாப்பிட்டால் சாப்பிடட்டும். அந்தக் கூட்டத்தில்தான் பசித்தவர் தெரியாமல் வந்துபோக முடியும்.

வளாகத்துக்கு வெளியே கொடுப்பதும் உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர்கள் 2011இல் தொடங்கிய ஃபுட் ரெக்கவரி நெட்வொர்க், மெஸ்ஸில் மிஞ்சுவதை அன்றிரவே அருகிலுள்ள காப்பகங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் ஆரம்பித்து, பல வளாகங்களுக்குப் பரவியது. அமெரிக்காவில் 1996இலேயே, நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவர்மீது எளிதில் வழக்குப் போட முடியாதபடி ஒரு சட்டம் வந்துவிட்டது. மிக மோசமான அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தவறோ இருந்தால் மட்டும் பாதுகாப்பு கிடைக்காது. உங்கள் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள், "கேஸ் ஆகிவிடும்" என்று ஒப்பந்ததாரர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சாப்பிடாமல் விட்ட வேளைகளை இன்னொருவருக்குத் தானமாகக் கொடுக்க முடியுமா?

முடியும். முன்பணம் கட்டி வேளைக் கணக்கில் சாப்பிடும் மெஸ்களில் பலருக்கு மாதக் கடைசியில் வேளைகள் மிஞ்சும். அதை வீணாக்காமல் பசித்தவர்களுக்குச் சேர்க்கும் யோசனையோடு 2010இல் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஆரம்பித்ததுதான் ஸ்வைப் அவுட் ஹங்கர். இன்று அது பெரிய அமைப்பு.

இதில் ஒரு சிக்கல் உண்டு, கமிட்டியில் உட்காரும்முன் தெரிந்துகொள்வது நல்லது. சிலர் சில வேளை வரமாட்டார்கள் என்ற கணக்கை வைத்தே மெஸ் கட்டணம் போடப்படுகிறது. வராத வேளைகளையெல்லாம் வேறொருவர் வந்து சாப்பிட்டால், நடத்துபவருக்குப் பொருட்செலவு ஏறும். அதனால்தான் ஒருவர் பருவத்துக்கு இத்தனை வேளைதான் கொடுக்கலாம் என்று உச்சவரம்பு வைக்கிறார்கள். இதைப் பேராசை என்று முத்திரை குத்தவும் வேண்டாம், அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். வேளைக்கான முழு விலை எவ்வளவு, பொருட்செலவு மட்டும் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் கேளுங்கள். கொடுத்த வேளையைப் பொருட்செலவு விலையில் கணக்கு வைத்தால் வரம்பைத் தாராளமாக உயர்த்த முடியும்.

வளாகத்தில் உணவு வங்கி வைத்தால் போதாதா?

உதவும், ஆனால் போதாது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993இல் மாணவர்களே தொடங்கிய உணவு வங்கி இதில் முன்னோடி. வைப்பதென்றால் அடுப்பு இல்லாதவர் என்ன சாப்பிடுவார் என்று யோசித்துப் பொருள் வாங்குங்கள். மூட்டையாகக் கட்டிக் கையில் திணிக்காமல், அலமாரியிலிருந்து அவரவரே எடுத்துக்கொள்ள விடுங்கள். டப்பா உணவு வைத்தால் டப்பா திறப்பானும் வையுங்கள், இது மறந்துபோகும். மாலை ஐந்துக்கு மூடும் உணவு வங்கி வேலைக்குப் போகிற மாணவருக்குப் பயன்படாது.

இலவசம் என்று அறிவித்தும் யாரும் வருவதில்லையே?

பசி இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தனி வரிசை, தனி நிற டோக்கன், வருமானச் சான்று, "காரணத்தை எழுதவும்" என்ற படிவம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பலர் பட்டினியே மேல் என்று போய்விடுவார்கள். வகுப்புத் தோழன் பார்த்துவிடுவானோ என்ற பயம் பத்தொன்பது வயதில் பசியைவிடப் பெரியது. படிவத்தைச் சின்னதாக்குவதைவிட, உதவி பெறுபவரும் பெறாதவரும் ஒரே அட்டையைத் தேய்த்து, ஒரே வரிசையில் நின்று, ஒரே தட்டில் சாப்பிடும்படி செய்வதுதான் வழி. அட்டைக்குள் பணம் எங்கிருந்து வந்தது என்பது அட்டைக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னும் ஒரு படி மேலே போனால், எல்லோருக்கும் விலையைக் குறைத்துவிடுவது. ஃபின்லாந்தில் அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனமான கேலா, உயர்கல்வி மாணவர் உணவுக்கு மானியம் தருகிறது. மாணவர் என்று காட்டினால் விலை அங்கேயே குறைந்துவிடும், ஏழையா என்று யாரும் கேட்பதில்லை. மானியம் வாங்கும் உணவகம் சத்தான முழுச் சாப்பாடு போட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பிரேசிலில் அரசுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் வளாகத்திலேயே மானிய விலை உணவகம் நடத்துகின்றன. வசதியானவருக்கும் மானியம் போகிறதே என்று ஆட்சேபம் வரும். போகத்தான் செய்யும். சான்றிதழ் சரிபார்க்க ஆள் வைத்து, அந்தச் செலவையும் செய்து, கடைசியில் தேவையானவரே வராமல் போவதைவிட இது மேல் என்பது என் கணக்கு.

சூழலுக்காக மெனுவில் இறைச்சியைக் குறைத்தால் மாணவர்கள் ஒப்புக்கொள்வார்களா?

எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உணவுச் சேவை 2016இல் மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் தன் மெனுவிலிருந்து எடுத்தது. வாங்கிய உணவில் கிலோவுக்கான கார்பன் வெளியேற்றம் 33 சதவீதம் குறைந்ததாக 2019இல் அறிவித்தார்கள். அதே ஊர்க் கல்லூரிக் கேன்டீன்களில் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு அதிகம் பிடிக்கும். எதையும் தடை செய்யாமல், பதார்த்தங்களில் சைவத்தின் பங்கை நான்கில் ஒன்றிலிருந்து பாதியாக உயர்த்தினார்கள். சைவச் சாப்பாட்டு விற்பனை 41 முதல் 79 சதவீதம் கூடியது, மொத்த விற்பனை பெரிதாக மாறவில்லை.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இறைச்சியை எடுத்த இடத்தில் பருப்பும் பயறும் வர வேண்டும், வெறும் மாவுச்சத்து வரக் கூடாது. மெஸ் சாப்பாடு ஒன்றே அன்றைய முழு உணவாக இருப்பவருக்குப் புரதம் அங்கேதான் கிடைக்க வேண்டும்.

உரக்குழியும் சாண எரிவாயு போன்ற ஏற்பாடும் இருக்கிறதே, அது போதாதா?

குப்பைமேட்டில் புதைந்து மீத்தேன் ஆவதைவிட நல்லதுதான். மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். ஆனால் விளைவிக்க, ஏற்றிவர, சமைக்கச் செலவான தண்ணீரும் எரிபொருளும் உரக்குழியில் திரும்பி வராது. தோலுக்கும் காம்புக்கும் உரக்குழி, சோற்றுக்கு இல்லை.

இதற்கெல்லாம் பணம்?

மிச்சம் குறைந்தால் கொள்முதல் குறையும், அங்கே பணம் இருக்கிறது. அந்தப் பணம் பொதுக்கணக்கில் கரைந்துபோகும் முன், அதில் இத்தனை பங்கு மாணவர் உணவு நிதிக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மெஸ்ஸை வெளியார் நடத்தினால், மீதமாகும் தொகை யாருக்கு என்ற கேள்வியை டெண்டர் போடும்போதே கேட்காவிட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை.

மெஸ் கமிட்டிக்குப் புதிதாக வந்திருக்கிறேன். முதல் மாதம் என்ன செய்யட்டும்?

ஒரு நாள் கூடம் மூடிய பிறகு சமையல்கூடத்தின் பின்வாசலில் போய் நில்லுங்கள். சமையல் மாஸ்டரிடம் எது அடிக்கடி மிஞ்சுகிறது என்று கேளுங்கள், எந்த அறிக்கையையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வாரம் தராசை வையுங்கள். அப்புறம், வரும் பருவத்தில் மெஸ் எந்தெந்த நாட்கள் மூடியிருக்கும் என்ற பட்டியலை வாங்கி, அந்த நாட்களில் எத்தனை பேர் ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே இருப்பார்கள் என்று காப்பாளரிடம் கேளுங்கள்.